எழுத்தும் சொல்லும் பொருளும்: ஹெவி மெட்டல் பாட்டுகள் மீதான மூன்று வழக்காடல்கள்

1. முன்னுரை

பாட்டில் வரும் சொல்லுக்குப் பொருள் காண்போர் பல திறத்தினர். கேட்போர், திறனாய்வாளர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோரோடு சில வேளைகளில் சட்டமியற்றும் அவையும் நீதிமன்றமும் இப்பணியில் ஈடுபடுகின்றன. அப்போது பொருள்கோள் என்பது ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. ஒரு சொல்லுக்கு இப்பொருளா அப்பொருளா எனத் துணிவதால் பாடகர் ஒருவர் இறப்புக்குக் காரணமானவர் எனப்படலாம். மகனை இழந்த பெற்றோர் வெறுங்கையுடன் திரும்ப நேரலாம்.

1985 முதல் 1990 வரையுள்ள காலப்பகுதியில் 'ஹெவி மெட்டல்' என வழங்கும் இசைவகையின் பாட்டுகள் மீது அமெரிக்க ஐக்கிய நாட்டில் நிகழ்ந்த மூன்று வழக்காடல்கள் இவ்வகையில் கருதத்தக்கன. ஒன்று செனட் குழுவின் விசாரணை. ஏனைய இரண்டும் நீதிமன்ற வழக்குகள். சுருக்கம் கருதி மூன்றும் இங்கு வழக்காடல் என்றே சுட்டப்படுகின்றன. இவை இசை வரலாற்று நூல்களில் பெரும்பாலும் கருத்துரிமைச் சிக்கல்களாகவே பேசப்படுகின்றன. மொழியியல் நோக்கில் இவை மூன்றும் ஒரே தன்மையன அல்ல. ஒன்றில் சிக்கல் பொருளில் எழுந்தது. ஒன்றில் சொல்லில் எழுந்தது. மற்றொன்றில் எழுத்தில், அதாவது ஒலியில், எழுந்தது. தமிழ் இலக்கண மரபு கண்ட இம்மூன்று நிலைகளையும் வேறுபடுத்திப் பார்த்தால் அவ்வழக்காடல்களில் நேர்ந்த பிழை தெளிவாகும். மொழிபெயர்ப்பாளர் நாள்தோறும் எதிர்கொள்ளும் பிழையும் அதுவே என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. இசைவகையும் அதன் சொல்வழக்கும்

2.1 'ஹெவி மெட்டல்' என்பது வேதியியலில் கன உலோகம் எனப் பொருள்படும். இசைவகையின் பெயரை அவ்வாறே பெயர்த்தால் ஈயமும் பாதரசமும் நினைவுக்கு வருமேயன்றி இசை வராது. எனவே ஒலிபெயர்ப்பே ஏற்றது.

இவ்விசை இங்கிலாந்தின் தொழில் நகரமான பர்மிங்காமில் உருப்பெற்றது. அந்நகரின் ஆஸ்டன் பகுதியைச் சேர்ந்த நால்வர் அமைத்த குழு முன்னர் 'எர்த்' எனப் பெயர் பெற்றிருந்தது. இத்தாலிய இயக்குநர் மாரியோ பாவா எடுத்த 1963ஆம் ஆண்டுத் திகில் படமொன்றின் ஆங்கிலப் பெயரைத் தழுவி 1969இல் அது 'பிளாக் சபாத்' ஆயிற்று. 1970 பிப்ரவரி 13 அன்று அக்குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. கிட்டார் இசைஞர் டோனி அயோமி உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் பணியாற்றியபோது வலக்கை விரல்கள் இரண்டின் நுனியை இழந்தவர். விரலுக்கு எளிதாகும் பொருட்டு அவர் பின்னர்த் தந்திகளைத் தளர்த்திச் சுருதியைத் தாழ்த்தியது இவ்விசையின் கனத்த ஒலிக்கு ஒரு காரணமாயிற்று. இவ்வொலிக்கு இயைந்த சொற்களாகப் போர், மரணம், பித்து, பேய், இருள் ஆகியவற்றைச் சார்ந்த சொற்கள் தேர்ந்து கொள்ளப்பட்டன.

2.2 அதே வட்டாரத்தில் 1969இல் தோன்றியது 'ஜூடாஸ் பிரீஸ்ட்' குழு. பாப் டிலனின் 1967ஆம் ஆண்டுப் பாட்டொன்றின் தலைப்பிலிருந்து இப்பெயர் எடுக்கப்பட்டது. இத்தொடர் ஆங்கிலப் பேச்சு வழக்கில் ஏசு கிறிஸ்துவின் பெயரை வீணே சொல்வதைத் தவிர்ப்பதற்காக, வியப்பிலும் சினத்திலும் அதற்கு ஈடாகச் சொல்லப்படும் ஒன்று. நன்னூலார் தகுதி வழக்கின்கண் கூறும் இடக்கரடக்கலுக்கு இது அணுக்கமானது. இடக்கரடக்கலில் மறைக்கப்படுவது நாணத்தக்கது. இங்கு மறைக்கப்படுவது புனிதமானது. வேறுபாடு அவ்வளவே. 'யூதாசின் குரு' என்று பெயர்ப்பவர் துரோகத்தையும் சமய எதிர்ப்பையும் அப்பெயரில் ஏற்றிவிடுகிறார். ஆங்கிலத்தில் அது தெய்வப் பெயரைக் காக்க எழுந்த சொல் என்பது முற்றிலும் மறைந்துபோகிறது.

2.3 பெயர்கள் கடல் கடக்கும்போது மாறியதும் உண்டு. இக்குழு 1978இல் 'கில்லிங் மெஷின்' என்னும் பெயரில் வெளியிட்ட இசைத்தட்டு, 1979இல் அமெரிக்காவில் 'ஹெல் பென்ட் ஃபார் லெதர்' எனும் பெயருடன் வெளியிடப்பட்டது. கொலை என்னும் பொருள் தரும் சொல் அங்கு விரும்பப்படவில்லை. பாட்டுகளின் போக்கு மாறாதிருக்க, தலைப்புச் சொல் மட்டும் குற்றமாகக் கருதப்பட்டது. பின்னாளில் எழுந்த வழக்காடல்களுக்கு இதனை ஒரு முன்குறி எனலாம்.

கிழக்கு லண்டனில் 1975இல் தோன்றிய 'அயர்ன் மெய்டன்' குழுவுக்கும் இது நேர்ந்தது. அக்குழுவின் 1982ஆம் ஆண்டு இசைத்தட்டு 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' விவிலியத்தின் திருவெளிப்பாட்டு நூலில் வரும் எண்ணைத் தலைப்பில் சுட்டியது. அவ்வாண்டு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் எதிர்ப்புகள் எழுந்தன, இசைத்தட்டுகள் எரிக்கப்பட்டன. தலைப்புப் பாட்டை எழுதிய ஸ்டீவ் ஹாரிஸ், திகில் படமொன்றைப் பார்த்தபின் கண்ட தீக்கனவே அதன் தோற்றுவாய் என்று விளக்கினார்.

2.4 இங்குத் தமிழ் மரபிலிருந்து ஓர் ஒப்புமை காட்டுவது பொருந்தும். 12ஆம் நூற்றாண்டைச் சார்ந்த கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் அட்டு உண்கின்றன. காளி கோயிலைப் பாடும் பகுதியில் வீரர் தம் தலையைத் தாமே அரிந்து தேவிக்குப் படைக்கின்றனர். இவற்றைக் கொண்டு செயங்கொண்டாரைப் பேய் வணக்கத்தினர் என்றோ தற்கொலையைத் தூண்டியவர் என்றோ எவரும் கூறியதில்லை. பரணி என்னும் இலக்கிய வகையின் மரபு அது என்பதைக் கற்போர் அறிவர். அகப்பாடல்களில் தலைவியின் கூற்றைப் புலவரின் சொந்தக் கூற்றாக எவரும் கொள்ளாமையும் இத்தகையதே. ஹெவி மெட்டல் பாட்டுக்கும் இத்தகைய மரபு உண்டு. மேடையில் 'நான்' என்று பாடுபவர் பாத்திரம், பாடகர் அல்லர்.

இம்மரபு சுற்றுப்பயணங்கள் வழியே பரவியது. ஜூடாஸ் பிரீஸ்ட் 1979இல் டோக்கியோவில் பாடியது 'அன்லீஷ்ட் இன் தி ஈஸ்ட்' என்னும் நேரடிப் பதிவாக வெளிவந்தது. அயர்ன் மெய்டன் 1984இல் தொடங்கிய 'வேர்ல்டு ஸ்லேவரி' பயணத்தில், அந்நாளில் பொதுவுடைமை ஆட்சியில் இருந்த போலந்தில் பாடியது. ஆங்கிலம் தாய்மொழியல்லாத இவ்வவையினர் சொற்பொருளை முழுதும் அறியாத நிலையிலும் பாட்டின் வகையை அறிந்திருந்தனர். மாறாக, சொற்பொருளை நன்கறிந்த அமெரிக்க அவைகளில் வகை அறியாமையால் இடர் எழுந்தது.

3. பொருள்: 1985ஆம் ஆண்டு செனட் விசாரணை

1985இல் அமெரிக்க அரசியல்வாணரின் மனைவியர் சிலர் பெற்றோர்க்கான இசை வளக் குழு ஒன்றைத் தொடங்கினர். பின்னாளில் துணைக் குடியரசுத் தலைவரான அல் கோரின் மனைவி டிப்பர் கோர் அவர்களுள் முதன்மையானவர். இக்குழு பழிக்கத்தக்கனவாகப் பதினைந்து பாட்டுகளைப் பட்டியலிட்டது. அவற்றுள் பல ஹெவி மெட்டல் பாட்டுகள். அவ்வாண்டு செப்டம்பர் 19 அன்று செனட்டின் வணிகக் குழு இதுபற்றி விசாரணை நடத்தியது. சான்று கூற வந்தவர்களுள் 'டுவிஸ்டட் சிஸ்டர்' குழுவின் பாடகர் டீ ஸ்னைடரும் ஒருவர்.

அக்குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டு 'அண்டர் தி பிளேடு', பிறரைத் துன்புறுத்தி இன்புறும் காமத்தையும் வன்புணர்ச்சியையும் பேசுகிறது என்று டிப்பர் கோர் எழுதியிருந்தார். தம் குழுவின் கிட்டார் இசைஞருக்குத் தொண்டையில் நடைபெறவிருந்த அறுவை சிகிச்சையும் அது தரும் அச்சமுமே பாட்டின் பொருள் என்று ஸ்னைடர் விடையளித்தார். கட்டுண்டு கிடத்தல், கூர்ங்கருவி, செயலற்ற நிலை ஆகியன அறுவை அரங்குக்கும் உரியனவே.

இரு விளக்கங்களும் பாட்டின் அதே சொற்களையே சான்றாகக் கொண்டன. சொற்பொருளில் கருத்து வேறுபாடு இல்லை. சொற்கள் எந்தச் சூழலைச் சுட்டுகின்றன என்பதிலேயே வேறுபாடு எழுந்தது. எனவே இது பொருள் நிலைச் சிக்கல். ஆங்கிலத்தில் 'கத்தியின் கீழ்ச் செல்லுதல்' என்னும் மரபுத்தொடர் அறுவை சிகிச்சைக்கு உட்படுதலைக் குறிக்கும். தமிழிலும் 'கத்தி வைத்தல்' என்னும் வழக்கு உண்டு. ஆகவே ஸ்னைடரின் விளக்கத்துக்கு மொழிவழக்கின் துணை இருக்கிறது.

எனினும் அவர் விளக்கமும் முழுமையானதன்று. மரபுத்தொடரில் உள்ள கத்தி என்னும் சொல்லை நீக்கி, வாளின் அலகையும் சுட்டவல்ல சொல்லைத் தலைப்பில் வைத்தபோது மருத்துவமனை பின்னே சென்று அச்சுறுத்தல் முன்னே வந்தது. கேட்போர் தம் கற்பனையையும் பட்டறிவையும் பாட்டில் ஏற்றிக்கொள்ள இடம் தருவதாக அவரே விசாரணையில் குறிப்பிட்டார். இடம் தந்தபின் அங்கு வேறொருவர் வேறொன்றை ஏற்றுவதைத் தடுக்க இயலாது. டிப்பர் கோரின் பிழை அப்பொருளைக் கண்டதில் இல்லை. அதுவொன்றே பொருள் என்றதில் உள்ளது.

இசைத்தட்டு நிறுவனங்கள் அவ்வாண்டு நவம்பரில் எச்சரிக்கைக் குறி இட உடன்பட்டன. 1990இல் அக்குறி ஒரே வடிவம் பெற்றது. பாட்டின் பொருளை ஒரு சிறு சீட்டில் அடக்கும் முயற்சியாக இதனைக் கருதலாம்.

4. சொல்: ஒரு பலபொருளொருமொழி

பிளாக் சபாத் குழுவிலிருந்து 1979இல் நீங்கிய ஓசி ஆஸ்பர்ன் 1980இல் 'பிளிசார்டு ஆஃப் ஆஸ்' என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். அதில் 'சூசைடு சொல்யூஷன்' என்பது ஒரு பாட்டு. 1984இல் கலிபோர்னியாவில் ஆஸ்பர்னின் இசைத்தட்டுகளைக் கேட்டபின் 19 வயது இளைஞர் ஒருவர் தம் உயிரைப் போக்கிக் கொண்டார். அப்பாட்டே தூண்டியது என்று பெற்றோர் வழக்குத் தொடுத்தனர்.

'சொல்யூஷன்' என்பது ஆங்கிலத்தில் பலபொருளொருமொழி. சிக்கலுக்குக் காணும் தீர்வு என்பது ஒரு பொருள். நீர்மத்தில் ஒன்று கரைந்துண்டாகும் கரைசல் என்பது மற்றொன்று. இரண்டும் தளர்த்துதல், அவிழ்த்தல் எனப் பொருள்படும் ஒரே இலத்தீன் வினையடியிலிருந்து பிறந்தவை. தீர்வு என்று கொண்டால் தற்கொலையே வழி என்று தலைப்பு கூறுகிறது. கரைசல் என்று கொண்டால் மது என்னும் நீர்மம் மெல்லக் கொல்லும் தற்கொலை என்று எச்சரிக்கிறது. மதுவின் தீங்கே பாட்டின் பொருள் என்பது அதனை உருவாக்கியோர் நிலை. ஆனால் யாரைப் பற்றியது என்பதில் அவர்களே வேறுபட்டனர். 1980இல் மதுவின் காரணமாக இறந்த 'ஏசி/டிசி' குழுவின் பாடகர் பான் ஸ்காட்டைப் பற்றியது என்றார் ஆஸ்பர்ன். சொற்களை எழுதிய பாப் டெய்ஸ்லியோ ஆஸ்பர்னின் குடிப்பழக்கத்தை எண்ணியே எழுதியதாகக் கூறினார்.

மொழிபெயர்ப்பாளர் இங்கு என் செய்வார்? 'தற்கொலைத் தீர்வு' என்றால் வழக்குத் தொடுத்தோர் பக்கம் தீர்ப்பளித்தவர் ஆவார். 'தற்கொலைக் கரைசல்' என்றால் பாடகரை விடுவித்தவர் ஆவார். இரண்டையும் ஒருங்கே தரும் தமிழ்ச்சொல் தேடினால் 'மருந்து' முன்வரும். அது நோய் தீர்ப்பது, பெரும்பாலும் நீர்மம். ஆனால் 'மருந்து குடித்தல்' என்பது பேச்சுவழக்கில் நஞ்சருந்துதலையும் குறிப்பதால் 'தற்கொலை மருந்து' என்பது நஞ்சாகவே முடியும், மது மறைந்துபோகும். இரட்டுறலைக் காக்க முனைந்தது மூன்றாவது பொருளொன்றைப் புகுத்திவிடுகிறது. ஆகவே ஒலிபெயர்த்து விளக்கம் எழுதுவதைத் தவிர வேறு நேர்மையான வழி இல்லை எனலாம்.

1986இல் வழக்குத் தள்ளுபடியாயிற்று. 1988இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. பாட்டின் சொற்களும் கவிதை மரபுகளும் உருவகத் தன்மையுடையன என்பதை நியாய உணர்வுடையோர் அறிவர் என்னும் கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்றது. மரபு என்பதை ஒரு நீதிமன்றம் பொருள்கோளின் அடிப்படையாக ஏற்றது குறிப்பிடத்தக்கது.

5. எழுத்து: 1990ஆம் ஆண்டு ரீனோ வழக்கு

1985 டிசம்பரில் நெவாடா மாநிலத்தின் ஸ்பார்க்ஸ் நகரில் இளைஞர் இருவர் ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் 'ஸ்டெயின்டு கிளாஸ்' என்னும் 1978ஆம் ஆண்டு இசைத்தட்டைக் கேட்டபின் தற்கொலைக்கு முயன்றனர். ஒருவர் அன்றே இறந்தார். மற்றவர் கொடிய காயத்துடன் பிழைத்து 1988இல் இறந்தார். குடும்பத்தினர் இசைக்குழுவின் மீதும் சிபிஎஸ் நிறுவனத்தின் மீதும் தொடுத்த வழக்கு 1990 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ரீனோ நகரில் நீதிபதி ஜெர்ரி கார் ஒயிட்ஹெட் முன் நடைபெற்றது.

பாட்டின் வெளிப்படைச் சொற்களுக்கு அரசமைப்பின் பாதுகாப்பு உண்டு. கேட்போர் அறியாது புகுத்தப்படும் மறைசொற்களுக்கு அது இல்லை என நீதிபதி முன்னரே துணிந்திருந்தார். எனவே வழக்கு மறைசொல்லைச் சார்ந்து நின்றது. 'பெட்டர் பை யூ, பெட்டர் தேன் மீ' என்னும் பாட்டில் 'செய்' என்று ஏவும் இரு சிறு ஆங்கிலச் சொற்கள் மறைந்துள்ளன என்பது குற்றச்சாட்டு. இப்பாட்டு இக்குழுவினர் எழுதியதுமன்று. கேரி ரைட் எழுத, 'ஸ்பூக்கி டூத்' என்னும் குழு 1969இல் பாடியது.

இங்குச் சிக்கல் பொருளிலும் இல்லை, சொல்லிலும் இல்லை. கேட்கும் ஒலி பேச்சொலியா அன்றா என்பதே வினா. பாடகர் ராப் ஹால்ஃபர்ட் நீதிமன்றத்தில் பாடிக் காட்டி, அடியின் இறுதியில் தாம் மூச்சை வெளிவிடும் முறையை விளக்கினார். அவ்விசைத்தட்டைப் பின்னோக்கி ஓட்டினால் நாற்காலி உடைந்தது பற்றியும் மிட்டாய் கேட்டது பற்றியுமான தொடர்கள் கேட்பதையும் எடுத்துக்காட்டினார். எதிர்பார்ப்போடு கேட்கும் செவிக்கு எவ்வொலியும் மொழியாகும் என்பது அவர் காட்ட விழைந்தது.

ஆய்வுகளும் இதற்கு அரண் செய்கின்றன. பேச்சில் ஓர் ஒலியை நீக்கி அவ்விடத்தில் இருமலொலியை வைத்தாலும் கேட்போர் நீக்கிய ஒலியைக் கேட்டதாகவே உணர்வதை ரிச்சர்டு வாரன் 1970இல் காட்டினார். பின்னோக்கி ஓடும் பேச்சில் இன்னது கேட்கும் என்று முன்னரே சொல்லப்பட்டவர்கள் அதனையே கேட்பதை ஜான் வோக்கி, டான் ரீட் ஆகியோர் 1985இல் காட்டினர். ஒலியைச் செவி பெறுகிறது. ஒலியனை மனம் அமைக்கிறது.

1990 ஆகஸ்டு 24 அன்று வந்த தீர்ப்பு நுட்பமானது. அச்சொற்கள் போன்ற ஒலி கேட்பதை நீதிபதி மறுக்கவில்லை. ஆனால் ஒரு தடத்தில் பதிவான பாடகரின் மூச்சொலியும் வேறொரு தடத்தில் பதிவான கிட்டாரின் ஒலியும் தற்செயலாகக் கலந்து அவ்வாறு அமைந்தது என்று கண்டார். அதனைக் குழுவினர் வேண்டுமென்றே புகுத்தவில்லை; இறப்புக்கு அதுவே காரணம் என்பதும் மெய்ப்பிக்கப்படவில்லை என்று முடித்தார். மொழியியலில் கூறுவதாயின், அது கூறுவோர் இல்லாத கூற்று. எழுத்துப் போன்ற ஒலி இருந்தது; எழுத்து இல்லை. மேலும், ஏவல் இருந்ததாகக் கொண்டாலும் 'அதை' என்னும் சுட்டுப்பெயர் எதைச் சுட்டுகிறது என்பதற்கு முன்மொழி எதுவும் இல்லை. அவ்வெற்றிடத்தைக் கேட்போரின் சூழலே நிரப்பவேண்டும்.

தீர்ப்புக்குப் பத்து நாள்களின் பின், செப்டம்பர் 3 அன்று, இக்குழுவின் 'பெயின்கில்லர்' வெளிவந்தது. அகராதியில் வலிநீக்கும் மருந்தெனப் பொருள்படும் இச்சொல் பாட்டில் உலோக உடல் கொண்ட மீட்பன் ஒருவனின் பெயர். 'கொல்' என்னும் வினை வழக்கிழந்து கிடந்த கூட்டுச்சொல்லில் அவ்வினைக்கு மீண்டும் உயிரூட்டப்பட்டது.

6. இருதரப்பின் குறைகள்

குற்றம் சாட்டியோர் மரபு நோக்காது சொல்லை மட்டும் நோக்கினர். எதிர்த்தரப்பின் வாதமும் குறையுடையதே. ஆக்கியோன் கருத்தே பாட்டின் பொருள் என்று அவர்கள் பலகாலும் கூறினர். ஆக்கியோர் இருவரே ஒரு பாட்டின் பொருளில் முரண்படும்போது அவ்வளவுகோல் நில்லாது. மேலும், அச்சத்தைத் தரும் பெயர்களையும் படங்களையும் வணிகத்துக்காகப் பயன்படுத்திய நிறுவனங்கள், வழக்கு வந்தபோது அச்சொற்களுக்கு ஆற்றலே இல்லை என்பதுபோல் பேசின. சொல்லுக்கு ஆற்றல் இல்லையெனில் 1979இல் ஓர் இசைத்தட்டின் பெயரை மாற்றியிருக்க வேண்டுவதில்லை.

மரபு என்னும் விளக்கத்துக்கும் எல்லை உண்டு. மரபு என்பது அவையினரின் பொது உடைமை. அரங்கில் ஆயிரவரோடு நின்று பாடுபவர் அதனுள் நிற்கிறார். மனம் தளர்ந்து மது அருந்தித் தனியறையில் இருப்பவரும் அதனுள் நிற்கிறார் என்று உறுதி கூற எவராலும் இயலாது. அவர் சார்பில் மரபைக் காரணம் காட்டிப் பெற்றோரின் துயரை எளிதாக ஒதுக்குவதும் முறையன்று. மரபு ஒரு பாட்டின் பொருளை விளக்கும். ஒருவரின் இறப்பை விளக்காது. இறப்பின் விளக்கத்தைப் பாட்டில் தேடியதும், பாட்டின் விளக்கத்தை இறப்பில் தேடியதும் இவ்வழக்குகளின் அடிப்படைப் பிழை எனலாம்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது: பாட்டுமொழியின் பொருள் குறித்த வழக்கில், சிக்கல் எழுத்திலா, சொல்லிலா, பொருளிலா என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். ஒரு நிலையின் சான்று மற்றொரு நிலைக்குச் சான்றாகாது.

இரண்டாவது: பலபொருளொருமொழி வருமிடத்து ஒரு பொருளைத் தேர்ந்து மற்றதை விடும் மொழிபெயர்ப்பாளர் தீர்ப்பு எழுதுகிறார். தாம் எழுதுவது தீர்ப்பு என்பதை அவர் உணர்ந்திருத்தல் வேண்டும். நீதிமன்றத் தீர்ப்புக்கு மேல்முறையீடு உண்டு. மூலமொழி அறியாத வாசகருக்கு அவ்வாய்ப்பு இல்லை.

மூன்றாவது: வகை மரபை அறியாத மொழிபெயர்ப்பு, அகராதி வழுவாதிருந்தும் பிழைபடும்.

ஓசி ஆஸ்பர்னும் பிளாக் சபாத் குழுவின் தொடக்க உறுப்பினர் ஏனைய மூவரும் 2025 ஜூலை 5 அன்று தாம் வளர்ந்த ஆஸ்டன் பகுதியின் வில்லா பார்க் அரங்கில் இறுதியாக மேடையேறினர். அம்மாதம் 22ஆம் நாள் ஆஸ்பர்ன் காலமானார். 'சூசைடு சொல்யூஷன்' பாட்டு இன்றும் கேட்கப்படுகிறது. அதன் தலைப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் எப்பொருளிலும் முடித்து வைக்கவில்லை. முடித்து வைப்பது தன் பணியன்று என உணர்ந்திருந்தது. மொழிபெயர்ப்பாளரும் கைக்கொள்ளத்தக்க அடக்கம் அது.